அஞ்சு மணிக்கு வந்துடுவான்

மெக்கானிக் மறுபடியும் மணி பார்த்தார். நாலே முக்கால்.

ஆறரைக்கு மகளின் பள்ளியில் நாடகம். அவளுக்கு மரம் வேஷம். மரத்துக்கு ஒரே ஒரு வசனம். அதற்கே ஒரு மாதமாக வீட்டில் ஒத்திகை நடந்து, இவருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இவர் போய்ச் சேர்வதற்குள் திரை இறங்கிவிட்டது. இந்த முறையும் தவறினால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

ஏரிக்காரர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வேனில் ஒரு மணி நேரம்.

பழுது பார்த்த படகு என்ஜின் வேனிலேயே இருந்தது. இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் படகுக்குச் சொந்தக்காரரான ஏரிக்காரர் விடமாட்டார். ஒரு தடவை அப்படி வைத்துவிட்டுப் போனதற்குப் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். "நான் சத்தத்தக் கேக்காம நீ கெளம்பக்கூடாது" என்று இந்தத் தடவை என்ஜினைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் யாராவது காலை நீட்டி உட்கார்ந்து கதையளந்துகொண்டுதான் இருப்பார்கள்.

உள்ளே வந்ததும், "ஐயா இல்லையா?" என்று கேட்டிருந்தார். ஏரிக்காரரின் மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

காலியாக இருந்தது ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி மட்டும்தான். மெக்கானிக் அதில் உட்கார்ந்தார். சட்டென்று எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். சட்டையில் கிரீஸ் இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தார். இருந்தது. பிழைப்பே அதுதானே என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் பேச்சு தானாகத் தொடர்ந்தது.

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவான்" என்றார் ரிட்டயரான பஸ் டிரைவர். "படகக் கட்டிட்டா நேரா வீடுதான்னு நினைக்காத. நாலு வாசல்ல நின்னு, ஆளுக்கு ரெண்டு மீனக் குடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடிச்சிட்டுத்தான் வருவான்."

"இங்க வர்றப்ப வாளி காலி" என்றார் தையல்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. என்ஜின் இல்லாவிட்டால் துடுப்புப் போட்டாவது ஏரிக்குப் போகிற மனுஷன், சரி. அஞ்சு மணிக்குக் கரையேறினாலும், வாசலுக்குக் கால் மணி என்று வைத்தால் நாலு வாசல் முடிய ஆறாகிவிடுமே.

"மழை வந்தா ஊரே உள்ள ஓடும். அவன் மட்டும் வெளிய ஓடுவான்" என்று டிரைவர் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் போலிருக்கிறது.

மூலையில் இருந்த ஓர் ஆள் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனார். கொடுத்து வைத்தவர்.

மெக்கானிக் கால் மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார். போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

நிமிர்ந்தால், அந்த அம்மா டீயோடு எதிரே நிற்கிறார்.

"எங்க வீட்லயும் இதே பொய்தான் சொல்வாரு" என்றார். "ஆனா எத்தனை மீன் கடிச்சாலும் விட்டுட்டு, விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுவாரு."

டீ கொதித்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டே குடித்து முடித்தார். ஐந்து அடித்தது. அந்த அம்மா வாசலைப் பார்த்தார். இவரும் பார்த்தார். யாரும் வரவில்லை. ஐந்து பத்து ஆனபோது இருப்புக்கொள்ளாமல் எழுந்து வெளியே வந்தார். திட்டுவதானால் திட்டிக்கொள்ளட்டும். இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தார். ஏரிக்காரரின் ரப்பர் பூட்ஸ் சுவரோரம் இருந்தது. அதில் சேறு இல்லாமல் அவர் பார்த்ததே இல்லை. இப்போது பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா பின்னாலேயே வந்திருந்தார்.

"ஐயா ஏரிக்குப் போகலையாம்மா?"

"அவர் போன வாரமே போய்ச் சேந்துட்டாரு தம்பி. தூக்கத்துலயே."

உள்ளே டிரைவரின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை 'வருவான்'களும் வந்து முடிந்தவை.

"வந்த உடனே சொல்லியிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "எல்லாரும் அவரப் பத்திப் பேசத்தான் வர்றாங்க. நீங்க ஒருத்தர்தான் அவர் வருவாருன்னு அவர் நாற்காலியில உக்காந்திருந்தீங்க. எழுப்ப எனக்கு மனசு வரல."

வேனில் வைத்துவிட்டு வந்த சாவிக்காக மெக்கானிக் சட்டைப்பையைத் துழாவினார்.

"கெளம்புங்க. அங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

என்ஜினை இறக்கிக் கொட்டகையில் வைத்தார். ஓட்டிக் காட்டவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த வீட்டில் இப்போது யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது.

அந்த அம்மா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலும் பழக்கம்தான் வந்தது.

"சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.