கம்பளி இல்லாத செம்மறி

நேற்றுவரை உள்ளே விட்ட ஆடுகளைக் கதவு இன்று ஏன் மறிக்கிறது என்று, அதைப் பராமரிக்கும் நிறைமதிக்குப் புரியவில்லை. தாராபுரத்துச் சூரிய மின்தகடுகளுக்கு அடியில் வளரும் புல்லை மேய்வது செம்மறிகளின் வேலை. வெள்ளாடுகள் தகடுகளின் மேல் தாவி ஏறும் என்பதால் அவற்றுக்கு அனுமதி இல்லை. வாசல் கதவே தன் கேமராக் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடும்.

“வெள்ளாடு. அனுமதி இல்லை,” என்றது கதவு மறுபடியும்.

“ஏனம்மிணி, ஒரே ராத்திரியில என்ற ஆடெல்லாம் வெள்ளாடாயிருச்சா?” என்றார் மந்தைக்காரர் ரங்கப்பன். “இன்னைக்கு மேயலைன்னா புல்லு வெட்டற மெசினைக் கொண்டாந்துருவாங்க. அப்பறம் எங்க பொழப்பு?”

நிறைமதி ஓர் ஆட்டைத் தடவிப் பார்த்தாள். மொழுமொழுவென்று இருந்தது.

“கம்பளி எங்கீங்ணா?”

“நேத்துத்தான் கத்தரிச்சோம். இந்த வெயிலு தாங்குமா அதுக?”

அதுதான் சங்கதி. கதவு கம்பளியை வைத்தே செம்மறியை அறிந்திருந்தது. கத்தரித்தாலும் போகாத அடையாளம் ஒன்று வேண்டும். கொம்பா? மந்தையில் பாதிக்கு இல்லை. தாடியா? பல வெள்ளாடுகளுக்கே இல்லை. ரங்கப்பன் பாலுக்காக வளர்த்த வெள்ளாடு ஒன்று மந்தை நடுவே நின்றது. நிறைமதி அதையும் பக்கத்துச் செம்மறியையும் சுற்றிவந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே, எங்கே பார்க்க வேண்டும் என்று கதவுக்குச் சொன்னாள்.

கதவு திறந்தது. மந்தை வெள்ளமாய் உள்ளே பாய்ந்தது. கூடவே நுழையப் பார்த்த வெள்ளாடு மட்டும் வெளியே நிறுத்தப்பட்டது.

“அட, கண்ணு தெளிஞ்சிருச்சே! என்னம்மிணி பண்ணுன?”

“வாலைப் பாக்கச் சொன்னேனுங்ணா. தொங்குனா செம்மறி, நிமுந்து நின்னா வெள்ளாடு.”