பச்சைப் பொட்டலம்

திரை நீலமாகி நின்றுவிட்டது. லியாவ் மேசையை ஓங்கிக் குத்திய வேகத்தில், கணினியின் தலைமேல் இருந்த பச்சைப் பொட்டலம் சரிந்து விழுந்தது.

“போச்சு! மறுபடியும் படுத்துடுச்சு!”

எதிரே உட்கார்ந்திருந்த யாலிங் எழுந்து பொட்டலத்தை எடுத்து, பழைய இடத்திலேயே நேராக வைத்தாள். காலையிலிருந்து அவள் நகத்தைக் கடித்தபடியே இருக்கிறாள். வாங்கி வைத்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. கணினிக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவள் வடிவமைத்த மதர்போர்டு, இன்னும் கடைக்கு வராதது.

தைபேயில் புது மதர்போர்டு எது வந்தாலும் லியாவின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். விலைக்குத் தகுமா, வசதி போதுமா, ஓவர்க்ளாக் செய்தால், அதாவது பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் முடுக்கினால், தாக்குப்பிடிக்குமா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் இணையதளத்தில் ‘வாங்கலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்காகக் கடைத்தெருவே காத்திருக்கும்.

“இந்த விலைக்கு வைஃபை இருக்கு, எஸ்எஸ்டி மூணு மாட்டலாம், ஒரு குறை சொல்ல முடியல. எல்லாம் இருந்து என்ன, முடுக்கினா அரைமணி தாங்க மாட்டேங்குதே! ஏம்மா, சூட்டைத் தணிக்கிற இந்தத் தகடு என்ன இத்தனூண்டு இருக்கு? ஏசி இல்லாத வீட்டுல பசங்க ஓட்டினா கருகிடாதா?”

“அதைத்தான் அண்ணே நானும் கத்தினேன். நான் பெரிய தகடுதான் வச்சிருந்தேன். செலவு மிச்சம்னு மேனேஜர் பாதியா வெட்டிட்டார். என் பேச்சு காதுலயே ஏறல.”

“நான் வேண்டாம்னு எழுதிட்டா?”

“நாளைக்குத் தொழிற்சாலைல உற்பத்தி ஆரம்பிக்குது. நீங்க வேண்டாம்னா நிறுத்திடுவாங்க. போர்டு திரும்பி என் மேசைக்கே வந்துடும்.” அவள் மறுபடி நகத்தைக் கடித்தாள்.

லியாவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய கம்பெனியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. மேனேஜரைத் திட்டிக்கொண்டே ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். கூட வேலை பார்த்தவளின் பிழைப்பில் நாமே மண்ணைப் போடுவதா என்று தவித்தார்.

மெமரியை மாற்றினார். பவர் சப்ளையை மாற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தையும் கொஞ்சம் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் ஆசை காட்டிவிட்டு, கடைசியில் அதே நீலத்தில் போய் நின்றது சனியன். சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஏசியை யாரும்மா அணைச்சது?”

“நான்தான். குளிருதுண்ணே.”

வெளியே ஜூலை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. இவளோ சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பாவம், பயத்தில் உடம்பு நடுங்குகிறது போல என்று லியாவ் விட்டுவிட்டார்.

“போதும்ணே. எத்தனை தடவைதான் பார்ப்பீங்க? வேண்டாம்னே எழுதிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“நீ சும்மா கிட! என்னைப் பத்தி என்ன நினைச்சே? கூடப் பழகின பொண்ணைக் கைவிடற ஆளா நான்?”

எரிச்சலில் சுற்றுமுற்றும் பார்த்தவரின் கண் அந்தப் பச்சைப் பொட்டலத்தில் நின்றது. சாதாரணச் சோளப் பொரிதான். ஆனால் கருவி சொன்ன பேச்சு கேட்க வேண்டுமானால் அதன் தலையில் ஒன்று இருந்தாக வேண்டும். பச்சை உறையாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, முக்கியமாகத் தேதி தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியதை வைத்தால் கருவி முரண்டு பிடிக்கும். இது பொறியியல் கல்லூரியில் சொல்லித் தராத பாடம், ஆனால் இந்த ஊர்ப் பொறியாளர் அத்தனை பேருக்கும் தெரிந்த பாடம்.

லியாவ் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அடிப்பாவி! போன வருஷமே காலாவதி! இதைக் கொண்டுவந்து தலையில வச்சா எந்த மெஷின் உருப்படும்?”

“ஐயோ, அது இருக்கட்டும்ணே. எடுக்காதீங்க...”

அவர் கேட்டால்தானே? பழையதைக் கூடையில் வீசினார். அலமாரியிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பயபக்தியோடு வைத்தார். வேர்வை தாங்காமல் ஏசியை முழு வேகத்தில் திருகிவிட்டு, சோதனையை மறுபடி ஆரம்பித்தார்.

ஓடியது. அரைமணி தாண்டியும் ஓடியது. வேகத்தைப் பழையபடி ஏற்றினார், அப்போதும் ஓடியது. வெளியே விளக்கு போடும் நேரம் வரை திரை நீலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

“பார்த்தியா! பார்த்தியா!” லியாவ் சின்னப் பையன் மாதிரி கை தட்டினார். சூட்டோடு சூடாக ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று எழுதி இணையதளத்தில் ஏற்றியும் விட்டார். சற்று நேரத்தில் கடைக்காரர்களிடமிருந்து போன் வரத் தொடங்கியது.

“என்னம்மா, சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டியா? இனிமே வீட்டுக்கு வீடு உன் போர்டுதான். தேதியைக்கூடப் பார்க்காம ஒரு பொட்டலத்தைத் தூக்கிட்டு வந்தியே, உன்னை என்ன சொல்றது!”

யாலிங் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“பார்க்காமலா? நீங்க வேண்டாம்னாத்தான் பெரிய தகட்டைத் திரும்ப வைக்க விடுவாங்கன்னு, ஆபீஸ் குப்பைத்தொட்டியைக் கிளறி, காலாவதியானதாப் பார்த்துப் பொறுக்கிட்டு வந்தேனே அண்ணே!”