அனுமதி இல்லை

"எனக்க மவ அபினாவுக்க வெப்சைட்டு தொறக்கல்ல மோளே. மாப்பிள வீட்டாளுவ பாக்கணும்னு சொல்லுதாவ."

அபினாவின் அப்பா என்று போனில் பேசியவரின் குரல் கெஞ்சியது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிலாவுக்கு மனம் இளகிவிட்டது.

அபினா அவளுக்குத் தெரிந்த பிள்ளைதான். மணவாளக்குறிச்சிக்காரி. போன வருஷம் படிப்பை முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனவள். கல்லூரி சர்வரில் தனக்கென்று இருந்த ஹோம் ஃபோல்டரில், படங்களும் ரெஸ்யூமுமாகத் தன்னைப் பற்றி அழகாக ஒரு பக்கம் செய்து வைத்திருந்தாள்.

ஜெனிலா அதைத் திறந்து பார்த்தாள். அனுமதி இல்லை என்றது திரை.

பக்கத்தின் கோப்பைச் சோதித்தாள். யாரும் படிக்கலாம் என்றுதான் இருந்தது. அது கிடந்த ஃபோல்டரும் சரி. சர்வரை ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டாள். அப்போதும் அதே பதில்.

கடைசியில் அகப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஹோம் ஃபோல்டரே பூட்டிக் கிடந்தது. வாசல் அடைத்திருந்தால் உள்ளறை திறந்திருந்து என்ன?

நேற்றுதான் மாறியிருக்கிறது. பிள்ளைகள் எதையாவது தெரியாமல் தட்டிவிட்டு முழிப்பது வழக்கம்தான்.

பூட்டைத் திறக்கும் கட்டளையை ஒரு வரியில் அடித்தாள். அபினாவின் சிரித்த முகம் திரையில் வந்தது.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். நல்லா இருப்பே மோளே என்று வாழ்த்தினார்.

டீ குடித்துவிட்டு வந்து அபினாவையும் கூப்பிட்டாள், கல்யாணப் பேச்சை வைத்துக் கொஞ்சம் கேலி செய்யலாமென்று.

"ஒனக்க பக்கத்தத் தொறந்து குடுக்கச் சொல்லி அப்பா கூப்பிட்டாரு மக்கா, மாப்பிள பாக்குதாவளாமே?"

"அப்பா கடலுக்குப் போயி திரும்பி வரல்லியே மிஸ். நான் அப்போ கைக்கொழந்த. நேத்து நான்தான் அத அடச்சேன்."

ஜெனிலா முதலில் ஹோமைப் பூட்டினாள். பிறகு, யார் வந்து போனார்கள் என்று சர்வரின் பதிவைப் பார்த்தாள்.

தான் திறந்ததற்கும் பூட்டியதற்கும் நடுவில் வேறு ஒருவர் வந்திருக்கிறார். படங்கள் எதையும் தொடவில்லை. நேரே ரெஸ்யூமை இறக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதில் அபினாவின் ஆபீஸ், ஹாஸ்டல், அறை எண் எல்லாம் உண்டு.

"மிஸ், இப்போ அடச்சிட்டியளா?"

"அடச்சிட்டேன் மக்கா. நீ இன்னிக்கி ஹாஸ்டலுக்குப் போவாதே."