மாதிரிக்கு ஒரு நல்ல நரம்பு

"தொடைக்கு ஸ்கேனா? ஸ்கேன்னா வயித்துலதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

அறைக்குள் நுழையும்போதே கணவன் ஆரம்பித்துவிட்டான். அவன் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் கட்டிலில் படுத்தாள். வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் வேறு யாருடைய தொடையையோ கிள்ளுவது போல இருக்கிறது. பிள்ளையைத் தூக்கி நிற்கும்போது கால் மடங்கிவிட்டால்? அந்தப் பயத்தில் உட்கார்ந்தபடிதான் குழந்தையைக் கையில் வாங்குகிறாள்.

"எல்லாம் பிரமை டாக்டர். எந்நேரமும் போன்ல வியாதி தேடுறா. நேத்து பக்கவாதம். இன்னிக்கு என்னன்னு இன்னும் அறிவிக்கல."

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அந்த ஓரமா நில்லுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

தொடையில் ஜெல்லைத் தடவினார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கருவியைத் தொடையிலிருந்து இடுப்பெலும்பு வரை மெதுவாக நகர்த்தினார். திரையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி முன்னால் ஓடியது.

"இந்த நரம்புதான் நம்ம ஆள். மேல வர வர வீங்கியிருக்கார் பாருங்க. இடுப்புல என்னம்மா கட்டுறீங்க?"

"தொப்பை குறையுறதுக்கு பெல்ட் டாக்டர். இவர்தான் வாங்கிக் குடுத்தார். கடைசி கொக்கி வரைக்கும் இழுத்துப் போடச் சொல்வார்."

"பிள்ளை பெத்த சாக்குல உடம்பை அப்படியே விட்டுடலாமா டாக்டர்?" ஓரத்திலிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அந்த பெல்ட்தான் நரம்பை நசுக்குது. குப்பையில போடுங்க, சரியாயிடும். இது தோலுக்கு உணர்ச்சி குடுக்குற நரம்பும்மா. காலுக்கு பலம் குடுக்குறது வேற. இதோ, அது தொடை மடிப்புல ஜம்முனு இருக்கு. உங்க கால் மடங்காது."

"வீக்கம்னு சொல்றீங்களே... கட்டி கிட்டின்னு ஏதாவது..."

டாக்டரம்மா கருவியை இடது பக்கம் மாற்றி வைத்துப் பார்த்தார். "அட, உங்களை எப்படி நம்ப வைக்கிறது! இடது பக்கத்தைக் காட்டலாம்னா அங்கயும் லேசா நசுங்கியிருக்கு." டாக்டரம்மா திரும்பினார். "சார், வாங்க, வந்து படுங்க. நல்ல நரம்பு எப்படி இருக்கும்னு உங்க தொடையில காட்டுறேன்."

"நானா? குழந்தை முழிச்சுக்கும்."

"அம்மாகிட்ட குடுங்க."

"அவ நின்னுக்கிட்டு வாங்க மாட்டா டாக்டர்."

"வாங்குவாங்க."

அவள் எழுந்து நின்றாள். கால் மடங்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு அடி வைத்துப் பார்த்தாள். கால் நின்றது.

கணவன் சட்டையின் நுனியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி படுத்தான்.

"தொடைக்குத்தானே... சட்டை எதுக்கு?"

"எனக்கு இடுப்பெலும்பு வேணும். என்ன சார், புதுப்பொண்ணு மாதிரி வெட்கப்படுறீங்க!"

சட்டை மேலே போனது.

உள்ளே பெல்ட். அவளுடையதைப் போலவே, ஆனால் ஒரு சைஸ் பெரிது. கடைசி கொக்கி.

டாக்டரம்மா கொக்கிகளைக் கழற்றிவிட்டுக் கருவியை வைத்தார். திரையில் வந்த கறுப்புப் புள்ளி அவளுடையதைவிடக் கொழுத்திருந்தது.

"எத்தனை நாளா சார் மரத்திருக்கு?"

"இவ பிரசவத்துக்கு முன்னாடியில இருந்தே..."

"முன்னாடியில இருந்தேவா?" அவளுக்குக் குரல் ஏறியது. "அப்புறம் ஏங்க என்னைப் பார்த்து மட்டும் பிரமை, பிரமைன்னு மானத்தை வாங்குனீங்க?"

அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு வியாதின்னு ஒத்துக்கிட்டா, எனக்கும் வியாதின்னு ஆயிடுமேடி!"