இன்ஜின் தண்ணீர்

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பன்னிரண்டு டாங்க் இன்ஜின்களில், தண்ணீர்த் தொட்டியைத் தம் மேலேயே சுமக்கும் ரயில் இன்ஜின்களில், ஓட்டத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான். புயல் இருபுறமும் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போக, டிரைவர் சவரிமுத்து இன்ஜினோடு மேட்டில் சிக்கிக்கொண்டார். சுற்றிலும் கடல்வெள்ளம், மூடுபனி. ஊரே அங்கே ஏறி நின்றது. படகுகளுக்குக் கேட்கட்டுமென்று அவர் ஓயாமல் விசில் ஊதினார்.

குழந்தையோடு ஒருத்தி இன்ஜின் தொட்டியைத் தட்டினாள். "அண்ணே, இதுல இருக்கறது நல்ல தண்ணிதானே? புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு."

"தண்ணி போனா விசிலும் போயிடும் டிரைவரண்ணே. அப்புறம் படகு நம்மள எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்றான் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் காதர்.

பிள்ளை அழவில்லை. அதுதான் சவரிமுத்துவைப் பதறவைத்தது.

"நெருப்ப வாரிக் கொட்டு, காதர். தண்ணி இல்லாம எரிஞ்சா பாய்லர் வெடிச்சிடும்."

தொட்டியைத் திறந்துவிட்டு, மிச்ச நீராவி தீரும்வரை விசிலை இழுத்துப் பிடித்தார். சத்தம் மெலிந்து அடங்கியது. ஜனங்கள் மடக்மடக்கென்று குடிப்பது மட்டும் கேட்டது. படகுச் சத்தம் ஏதும் வருகிறதா என்று அவர் பனிக்குள் காதைக் கொடுத்து நின்றார்.