வலி இல்லாத நோயாளி

"மூத்திரத்துல ரத்தம் இருக்கு, கிருமியும் இருக்கு. கிட்னியில கல்லா இருக்கும்," என்றார் பஸ் கம்பெனி டாக்டர். "இடுப்புல வலி உண்டாப்பா?"

"இல்லீங்க," என்றான் டிரைவர்.

"விலாவுல பிடிச்சு அடிவயித்துக்கு இறங்கும். உக்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாந்தி வரும்."

டிரைவருக்கு முகம் வெளுத்தது. "குளிர்காய்ச்சல் வருமா டாக்டர்?"

"வந்தா ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கிருமி ரத்தத்துல ஏறிட்டா ஆள் தேறுறது கஷ்டம். சட்டையைத் தூக்கு, ஸ்கேன்ல பார்த்துடலாம்."

இரண்டு பக்கமும் உருட்டிப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "கல்லு மண்ணு எதுவுமே இல்லையே."

வயிற்றில் தடவிய ஜெல்லைக்கூடத் துடைக்காமல் டிரைவர் வெளியே ஓடி, வீட்டுக்குப் போன் போட்டான்.

நேற்றுக் குடித்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, மூத்திர டெஸ்டுக்குக் கம்பெனி கொடுத்த பாட்டிலைக் காலையில் மனைவியிடம்தான் நீட்டியிருந்தான். நான்கு நாளாகச் சுருண்டு கிடந்தவள், நடுங்கிக்கொண்டே நிரப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னைக்காவது என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

"சும்மா நடிக்காத," என்று கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

போன் முழுதாக அடித்து நின்றது. மறுபடியும் போட்டான். முழுதாக அடித்து நின்றது.