பதினோரு நாள் பூட்டு

“என்னைப் பொய்யன்னு எழுதியிருக்கான், பார்த்தியா ஜானு?”

பிச்சுமணி போனை மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

நாகமலை புதுக்கோட்டையில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் அவர். வேலை கிடைப்பதற்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு தியான ஆசிரமத்தில் மூன்று வருஷம் இருந்தவர். காலமாகிவிட்ட அந்த குருஜிக்கு நூறாவது பிறந்தநாள் வருகிறதென்று பழைய சீடர்கள் ஆளாளுக்கு ஃபேஸ்புக்கில் புகழ்ந்து தள்ள, பொறுக்கமாட்டாமல் இவரும் ஒரு பதிவு போட்டார்.

‘குருஜி கருணைக்கடல் எல்லாம் இல்லை. எங்களோடு இருந்த ஓர் இளைஞனை அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்தார். திறங்க, திறங்க என்று அவன் கதறியதை இந்தக் காதால் கேட்டேன். அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன்.’

அதற்குக் கீழே வெங்கடேஷ்பாபு எழுதியிருந்தார்.

‘அந்த இளைஞன் நான்தான். என்னை யாரும் பூட்டவில்லை. நானே விரும்பி மௌனம் இருந்தேன். பிச்சுமணி அண்ணன் சொல்வது பொய்.’

அவருக்கு எழுநூறு லைக். பிச்சுமணிக்கு வசவு.

“கதறினவனே கதறலைங்கறான்! அப்படி என்ன குருட்டு பக்தி? நேர்லயே கேட்டுடறேன்.”

“இருபத்தெட்டு வருஷம் கழிச்சா? சாப்ட்டுட்டுப் போங்கோ.”

“வந்து சாப்பிடறேன்.”

மதுரை காளவாசலில் வெங்கடேஷ்பாபு வீட்டு முன்னால் ஏகப்பட்ட செருப்புகள். உள்ளே நுழைந்த பிறகுதான் பிச்சுமணிக்கு விஷயம் புரிந்தது. ஹாலில் கேசரி, பஜ்ஜி. பட்டுப்புடவையில் மகள் ஸ்வப்னா. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

சௌராஷ்டிர மொழியில் கலகலவென்று போய்க்கொண்டிருந்த பேச்சு, இவரைக் கண்டதும் நின்றது.

வெங்கடேஷ்பாபு அவசரமாக எழுந்து வந்தார். “வாங்கண்ணே. இவரு சந்தானம், மாப்பிள்ளையோட அப்பா.” அப்புறம் காதோரம், “நாளைக்குப் பேசலாம்ண்ணே, ப்ளீஸ்.”

நல்ல காரியம் நடக்கிற இடம். பிச்சுமணியும் திரும்பத்தான் பார்த்தார். சந்தானம் விடவில்லை.

“சார்தானே அந்தப் பதிவு போட்டது? படிச்சேன். நெஜமாவே பூட்டினாரா சார்? இவரு இல்லைன்னு எழுதியிருக்காரே?”

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“பட்டப்பகல்ல இவன் கதவை எட்டி எட்டி உதைச்சான் சார்! கிட்டக்கூடப் போகவிடாம ஆசிரமத்து ஆட்கள் தடுத்தா. குருஜியைப் பார்க்கணும்னேன். தியானத்துல இருக்கார், தொந்தரவு பண்ணாதேன்னா. ஒருத்தன் உயிர் போற மாதிரி கத்தறான், இவருக்குத் தியானமாம்! டேய் பாபு, அவர் போட்டோவை வெச்சுக் கும்பிடு, வேண்டாங்கலை. ஆனா என்னைப் பொய்யனாக்காதே.”

வெங்கடேஷ்பாபு மகளைப் பார்த்தார். சந்தானத்தைப் பார்த்தார். இல்லை என்று மறுபடி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பஜ்ஜியும் பேச்சும் தொடர்ந்திருக்கும்.

“பூட்டினது நெஜம்தான்ண்ணே. நான் எழுதுனதுதான் பொய்.”

சந்தானத்தின் கையில் இருந்த பஜ்ஜி தட்டுக்கே திரும்பியது.

“மௌனமெல்லாம் இல்ல. அப்ப கல்யாணமான புதுசு, நான் குடிகாரன். காலையில எந்திரிச்சதும் குடிக்கலைன்னா கை நடுங்கும். எங்கப்பா கடைக்குள்ளயே விடமாட்டாரு. அம்புட்டுக் கத்து கத்துனது ஒரு குவார்ட்டருக்காகத்தான். பதினோரு நாள் பூட்டிக் கிடந்தேன். அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. பொண்ணுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் நின்னுருமோன்னு பயந்துதான் அப்படி எழுதிட்டேன். ஆனா, அதுக்காக அவரைக் கொடுமைக்காரர்னு சொல்றதை எப்படிக் கேட்டுட்டு இருப்பேன்?”

ஸ்வப்னா எழுந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“எனக்குத் தெரியாதுடா பாபு... சத்தியமா தெரியாது.” ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் தன் தலையில் விழுந்துவிட்டதே என்று பிச்சுமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சந்தானம் தட்டைக் கீழே வைத்தார். மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அந்த அம்மாள் தலையசைத்தாள்.

“நாங்களும் ஒண்ணு சொல்லாம விட்டுட்டோம்” என்றார் சந்தானம். “சாய்பிரசாத் என்ஜினீயரிங் முடிச்சது நாலு வருஷத்துல இல்ல. ஆறு வருஷம். பதினாலு அரியர்.”

“அப்பா!” என்றான் மாப்பிள்ளைப் பையன், வாயில் பஜ்ஜியோடு.

முதலில் சிரித்தது ஸ்வப்னாதான். அப்புறம் வீடே சிரித்தது. சந்தானம் காலண்டர் எங்கே என்று கேட்டார்.

பிச்சுமணியும் சிரித்தார். ஆனால் கணக்கு வாத்தியார். விடை சரியாக வராமல் விடமாட்டார்.

“உன் நல்லதுக்குத்தான் பூட்டியிருக்கார். ஒத்துக்கறேன். நாளைக்கே அந்தப் பதிவை எடுத்துடறேன். இருந்தாலும் மனசு கேக்கலைடா. நீ அப்படித் துடிக்கறச்சே, ஒரு தடவையாவது அந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே, அந்த மனுஷன்?”

எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்த வெங்கடேஷ்பாபுவின் மனைவி சுந்தரவல்லி நிமிர்ந்தாள்.

“அவரு எப்படிண்ணே திறப்பாரு? ‘இவன் கேட்டாலும் திறக்காதம்மா, நான் கேட்டாலும் திறக்காத’ன்னு பூட்டுச் சாவியை என் கையில குடுத்துட்டு, இவரோட உள்ள போனவரு, பதினோராம் நாள் இவரோடதானே வெளிய வந்தாரு?”